டிரை ஐஸ் கிளீனிங்: ரெஸ்டோர் செய்யாத எம்ஜிபிக்கு எதுவரை சரி?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். பெயிண்ட் முதல் போல்ட் வரை தொழிற்சாலையில் போட்டபடியே இருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை அசல்தன்மைப் போட்டிக்குத் தயார் செய்பவர்களுக்கு, அடிப்பாகத்தைச் சுத்தம் செய்ய டிரை ஐஸை (உறைந்த கார்பன் டைஆக்சைடு துகளைத் துப்பாக்கியில் காற்றோடு பாய்ச்சும் முறையை) மிஞ்சிய வழி இப்போதைக்கு இல்லை. பானட்டுக்குள் பாதி வேலைக்குத்தான் அது சரி. கேபினுக்குள் வேண்டவே வேண்டாம். இங்கே மதிப்பிடுவது கோலாலம்பூர் சான் சௌ லின் வட்டாரப் பட்டறை ஒன்று தரும் சேவையை. கார், 1966 எம்ஜிபி மார்க் 1 ரோட்ஸ்டர், பிரிட்டனில் தயாரான திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார். வலப்பக்க ஸ்டீயரிங், டைனமோ வைத்தது. பினாங்கில் இதே வேலையைச் செய்து தரும் ஆளைத் தேடுபவர்களுக்கும் கீழே வருவதில் பெரும்பகுதி பொருந்தும்.

அசல்தன்மைப் போட்டியில் நடுவர் பளபளப்புக்கு மார்க் போடுவதில்லை. டார்ச்சையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு அவர் தேடுவது தடயங்களை: லூகாஸ் நிறுவனத்தின் மின்பாகங்களில் குத்தியிருக்கும் மாதமும் ஆண்டும், போல்ட் தலையில் தயாரித்தவர் பெயர், பெயிண்ட் அடித்தபோது சிதறிய துளிகள், பரிசோதகர் தீட்டிவிட்டுப் போன ஒரு பொட்டுப் பெயிண்ட், கிரேயானில் கிறுக்கிய எண். இதெல்லாம் அறுபது வருட எண்ணெய்ச் சேற்றுக்கு அடியில் இருக்கிறது. சேற்றை எடுத்தால்தான் தெரியும். எடுக்கிற வேகத்தில் அதுவும் சேர்ந்து போய்விடும். சிக்கல் முழுவதும் அங்கேதான்.

மற்ற வழிகள் ஏன் சரிப்படாது என்பதை இரண்டு வரியில் பார்த்துவிடலாம். வாட்டர் ஜெட் அடித்தால் எம்ஜிபியின் சில் பெட்டிக்குள் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம்) தண்ணீர் போகும். உள் சில், நடுத்தகடு, வெளிச் சில் என்று அடுக்கடுக்காக மூடிய அமைப்பு அது, உள்ளே போன நீர் எளிதில் வெளியே வராது. மணல் அடித்தால் எல்லாமே போச்சு. சோடா அடித்தால் தூள் இடுக்குகளில் தங்கி ஈரத்தை இழுக்கும். வயர் பிரஷ், குத்திய எண்களின் விளிம்பை மழுங்கடிக்கும். மண்ணெண்ணெயும் பெயிண்ட் பிரஷும் நல்ல ஜோடிதான், ஆனால் கிரேயான் எழுத்தை அது கரைத்துவிடும். டிரை ஐஸ் என்பது திடமான கார்பன் டைஆக்சைடு, −78.5 டிகிரி செல்சியஸ். மோதிய கணத்தில் அழுக்கைச் சுருக்கி விரிசல் விட வைக்கிறது, உடனே வாயுவாகிப் பல நூறு மடங்கு விரிந்து அழுக்கைப் பெயர்த்துத் தள்ளுகிறது. தண்ணீரோ மணலோ மிச்சம் இருக்காது. மிகவும் மென்மையான பொருள் என்பதால் ஒழுங்காகப் பிடித்திருக்கும் பெயிண்ட் கீறுப்படாது.

“ஒழுங்காகப் பிடித்திருக்கும்” என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விளிம்பில் துரு ஏறி உப்பிய பெயிண்ட், காய்ந்து வெடித்த அண்டர்சீல் (அடிப்பாகத்துக் காப்புப் பூச்சு), பசை செத்த லேபிள் இவற்றை டிரை ஐஸ் அழுக்காகத்தான் பார்க்கும். எம்ஜிபி எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் இடப்பக்கமே இருப்பதால், அந்தப் பக்க பிளாக்கில் கருஞ்சிவப்புப் பெயிண்ட் சூட்டில் வெந்து செதில் செதிலாக நிற்கும். அங்கே துப்பாக்கியைக் காட்டினால் ஐந்து விநாடியில் வெறும் இரும்பு. நடுவர் பார்வையில் செதிலான அசல் பெயிண்டுக்கு மதிப்பு உண்டு; வெறும் இரும்புக்கு இல்லை, புதிதாகப் பூசிய சிவப்புக்கு அதைவிட இல்லை.

பட்டறைக்குப் போகுமுன்

அடி படக் கூடாத இடங்களை மூடி ஒட்டும் வேலையை இந்தப் பட்டறை கட்டணத்தில் சேர்ப்பதில்லை. குறை என்று தோன்றலாம், உண்மையில் நல்லதுதான். எதை மூட வேண்டும் என்பது காரைத் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும், பையன்களிடம் விட்டால் பேட்டரியையும் ஏர் ஃபில்டரையும் மூடிவிட்டு முடிந்தது என்பார்கள்.

முதல் வேலை, படம். அடிப்பாகத்தை முப்பது சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நேராகவும் பக்கவாட்டு வெளிச்சத்திலும் எடுக்க வேண்டும். பக்க வெளிச்சத்தில்தான் சேற்றுக்கு அடியில் இருக்கும் பெயிண்ட் பொட்டு மேடாகத் தெரியும். டிஃபரென்ஷியல் மூடி, ஸ்டீயரிங் ரேக், எஞ்சின் அறையின் பின்சுவர், கியர்பாக்ஸ் உறை ஆகிய இடங்களில் இரண்டு மடங்கு படம். பின்னால் நடுவர் “இந்தப் பொட்டு புதிதாக வைத்ததா?” என்று கேட்டால் காட்ட வேறு சாட்சி கிடையாது.

அடுத்து பெயிண்ட் கனத்தை அளக்க வேண்டும். எம்ஜிபிக்காரர்கள் பலர் சறுக்குவது இங்கேதான்: அந்த ஆண்டு ரோட்ஸ்டரின் பானட் அலுமினியம். இரும்பை மட்டும் அளக்கும் மலிவு மீட்டர் அதன்மேல் எண்ணே காட்டாது, அல்லது கண்டபடி காட்டும். இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் மீட்டர் வேண்டும். ஒரே தகட்டில் 100 மைக்ரான் காட்டிவிட்டு ஒரு சாண் தள்ளி 300க்குத் தாவினால் அங்கே பிற்காலப் பெயிண்டோ புட்டியோ இருக்கிறது. அதற்குப் பின்பக்கம் டிரை ஐஸ் அடிக்கும்போது அழுத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். புட்டியும் தகடும் குளிரில் ஒரே அளவு சுருங்காது, மேலே வெடிப்பு கிளம்பலாம்.

பிறகு கழற்ற வேண்டியவை. எஸ்யூ என்ற நிறுவனத்தின் கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணத்தின் மூடித் திருகில் சின்ன உலோகத் தகடு ஒன்று தொங்கும், ஏயூடி என்று தொடங்கும் எண்ணோடு. பாதி கார்களில் இது எப்போதோ தொலைந்துபோனது. இருக்கிற காரில் காற்றடியில் பறந்தால் சான் சௌ லின் சாக்கடையில்தான் தேட வேண்டும். திருகோடு கழற்றி, இடது, வலது என்று எழுதிய பையில் போடுங்கள். பழைய ரோட் டாக்ஸ் ஸ்டிக்கர்கள், டீலர் தகடு, காகித லேபிள் எல்லாவற்றுக்கும் மேலே முதலில் பேக்கிங் பேப்பர், அதன்மேல் கெட்டிப் பிளாஸ்டிக், ஓரத்தில் மட்டும் மாஸ்கிங் டேப். டேப்பை லேபிள்மேல் நேரே ஒட்டினால் டிரை ஐஸுக்கு வேலையே இருக்காது, டேப்பே உரித்துவிடும். துணிப் பின்னல் போட்ட வயர்க்கட்டு இருந்தால் தடித்த ரப்பர் குழாயைப் பிளந்து மேலே மாட்டுங்கள். குளிர்ந்த காற்று நேராகப் பட்டால் பழைய பருத்தி நூல் பஞ்சாகிவிடும்.

பேட்டரி இந்தக் காரில் இரண்டு, ஆறு வோல்ட் வீதம், சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில். 1966 கார் என்பதால் பாசிட்டிவ் எர்த், அதாவது காரின் உடம்போடு இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை. எர்த் முனையை முதலில் கழற்று என்ற விதிப்படி இங்கே முதலில் கழற்ற வேண்டியது பாசிட்டிவ். பழக்கதோஷத்தில் நெகட்டிவைத் தொடும் போமன்கள் (மெக்கானிக்குகள்) உண்டு; பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. டிரை ஐஸ் பாய்ச்சல் நிலைமின்சாரத்தை உண்டாக்கும், டேங்கும் எஸ்யூ பம்பும் அடிப்பாகத்திலேயே இருக்கின்றன. காரின் வெறும் இரும்பிலிருந்து ஒரு எர்த் கம்பி போக வேண்டும். இந்தப் பட்டறை கேட்காமலேயே கம்பியை மாட்டியது, அதற்கு ஒரு மார்க்.

துப்பாக்கி, குருணை, காற்று

இயந்திரத்தில் இரண்டு வகை. ஒன்று 3 மில்லிமீட்டர் குருணையை அப்படியே தள்ளும். மற்றொன்று கட்டியைச் சீவி, சர்க்கரையைவிட நைசான துகளாக அனுப்பும். பட்டறையில் இரண்டும் இருந்தன. இந்த வேலைக்கு இது முக்கியம். டிஃபரென்ஷியல், லீஃப் ஸ்பிரிங், கிராஸ்மெம்பர், சக்கர வளைவு இவற்றின் தடித்த சேற்றுக்குக் குருணை, 5 முதல் 6 பார் அழுத்தம். பெயிண்ட் அடித்த தரைத்தகடு, பின்சுவர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு இவற்றுக்குச் சீவல், 2 முதல் 3 பார். தொலைவு ஒரு சாணுக்குக் குறையக் கூடாது. ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிக்காமல் பெயிண்ட் ஸ்பிரே அடிப்பதுபோல வீச வேண்டும்.

டைனமோவில்தான் இந்த முறையின் மதிப்பு தெரிகிறது. உடம்பில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து தார்போல இறுகிய தோல். சீவல் இரண்டு வீச்சு பட்டதும் அது ஓடாகப் பிளந்து விழுகிறது; அடியில் கருப்புப் பெயிண்ட் மங்கலாக, முழுசாக, அதில் லூகாஸ் குத்திய பாக எண்ணும் அதன் பக்கத்தில் மாதமும் ஆண்டும். எழுத்தின் பள்ளத்தில்கூட அழுக்கு தங்கவில்லை, விளிம்பும் மழுங்கவில்லை. வயர் பிரஷ்ஷால் இதே எண்ணைத் துலக்கிய டைனமோவைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். கார் தயாரான தேதிக்குச் சில வாரமோ சில மாதமோ முந்திய தேதி பாகத்தில் இருந்தால் நல்லது. பிந்திய தேதி இருந்தால் அது பிற்காலத்தில் மாற்றிய பாகம், மறுபேச்சுக்கு இடமில்லை. கார் தயாரான தேதிக்கு ஆதாரம், இங்கிலாந்து கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தரும் ஹெரிட்டேஜ் சான்றிதழ். அது தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து சேசிஸ் எண், எஞ்சின் எண், நிறம், போன நாடு எல்லாம் தரும். சுத்தம் செய்யத் தொடங்குமுன் அது கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் எந்தப் பாகத்தைக் காப்பாற்றப் பாடுபட வேண்டும், எது ஏற்கெனவே மாற்றியது என்பது அதிலிருந்துதான் கணக்காகும்.

பின் ஆக்ஸிலும் அப்படியே. 1966 ரோட்ஸ்டரில் பேன்ஜோ வகை (நடுவில் உருண்டையான உறை வைத்தது). அடுத்த ஆண்டு நடுவில்தான் குழாய் வகை ஆக்ஸில் ரோட்ஸ்டருக்கு வந்தது. சேற்றுக்கு அடியில் எது இருக்கிறது என்று தெரியாமலே பலர் போட்டிக்குப் போகிறார்கள்.

குருணை புதிதாக இருக்க வேண்டும். டிரை ஐஸ் பெட்டிக்குள்ளேயே தினமும் குறையும், அதற்குள் காற்றின் ஈரம் வெண்பனியாகப் படிந்து கட்டி தட்டும். கட்டியான குருணை துப்பாக்கியில் விட்டுவிட்டு வரும். அழுத்தம் திடீரென்று ஏறி இறங்கும், அப்போதுதான் பெயிண்ட் பெயர்கிறது. காலையில் வந்த பெட்டியா, முந்தாநாள் பெட்டியா என்று கேளுங்கள். மூடியைத் திறந்து கையுறையோடு அள்ளிப் பாருங்கள், அரிசிபோல உதிர வேண்டும். வெறுங்கையால் தொடாதீர்கள்.

கம்ப்ரஸர் காற்றும் உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஏர் டிரையர் இல்லாத பட்டறையில் குழாய்க்குள் இருக்கும் தண்ணீரும் சேர்ந்து பாயும், அப்புறம் டிரை ஐஸ் என்ற பெயருக்கே பொருளில்லை. இங்கே டிரையர் இருந்தது. லிஃப்டும் இருந்தது. குழி வைத்த பட்டறை என்றால் உடனே திரும்பி வந்துவிடுங்கள்: கார்பன் டைஆக்சைடு காற்றைவிட கனமானது, குழிக்குள் நிரம்பும், உள்ளே நிற்பவர் சீக்கிரமே மயங்கி விழலாம். இரு பக்கமும் கதவு திறந்திருக்க வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும், காதடைப்பான் கட்டாயம்.

லிஃப்ட் கையை எம்ஜிபி சில்லுக்கு அடியில் வைக்க விடாதீர்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தின்றிருக்கும். கை வைக்க வேண்டியது, பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டிய இடத்தில், முன்னால் கிராஸ்மெம்பரை ஒட்டிய சேசிஸ் ரயிலில்; கைக்கும் காருக்கும் நடுவே மரக்கட்டை.

ஈரம்: இந்த ஊரின் தலைவலி

ஐரோப்பாவில் இந்த வேலைக்கு எழுதிய வழிமுறைகளை அப்படியே இங்கே பின்பற்றினால் கார் துருப்பிடிக்கும். காரணம் எளிது. கோலாலம்பூரில் பிற்பகல் 32 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் பனிப்புள்ளி 24 டிகிரிக்குச் சற்று மேல். அதற்குக் கீழே குளிரும் எந்த இரும்பின் மேலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். டிரை ஐஸ் பட்ட தரைத்தகடு 10 டிகிரிக்கும் கீழே போவது சாதாரணம். தகட்டின் அடியில் மட்டும் இல்லை, கேபினுக்குள் கார்ப்பெட்டுக்கு அடியிலும் அதே தகடு குளிர்ந்து வியர்க்கும். அதனால்தான் அடிப்பாக வேலைக்கு முன்பே கார்ப்பெட்டையும் சீட்டையும் எடுத்துவிடச் சொல்கிறோம். கதவுப் பலகைகள் ஹார்ட்போர்டு. ஈரம் பட்டால் ஊதி அலை அலையாகும், திரும்ப நேராகாது.

பலரும் சொல்லும் தீர்வு, வெயில் நேரத்தில் செய் என்பது. பாதிதான் உண்மை. காற்றில் இருக்கும் நீரின் அளவு காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை, பனிப்புள்ளி கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். மதியத்தில் இரும்பு சூடாக இருக்கிறது, சீக்கிரம் மீள்கிறது, அவ்வளவே. நான்கு மணி மழை வந்தால் அதுவும் போகும். சரியான தீர்வு மூடிய அறை, ஏர்கான், டீஹியூமிடிஃபையர்: 24 டிகிரி, 50 சதவீத ஈரம் என்றால் பனிப்புள்ளி 13 டிகிரிக்கு இறங்கிவிடும், வியர்வை பெருமளவு குறையும். ஆனால் மூடிய அறையில் கார்பன் டைஆக்சைடு தேங்கும். இரண்டையும் சேர்த்துச் சமாளிக்கிற பட்டறை இங்கே அபூர்வம்.

இந்தப் பட்டறையில் டீஹியூமிடிஃபையர் கிடையாது. பெரிய மின்விசிறி மட்டும்தான். நாங்கள் மார்க் குறைத்தது பெரும்பாலும் இதற்காகத்தான். வேறு வழியில்லை என்றால், ஒரு முழம் நீள அகலத்துக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்க விடாமல், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஹாட் ஏர் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, தகடு கைக்கு இளஞ்சூடாகும்வரை காட்ட வேண்டும். மடிப்பு, தையல், பேட்டரிப் பெட்டியின் மூலை, ஜாக் குழாய் இவற்றுக்குக் காய்ந்த காற்றை ஊத வேண்டும். வேலை இரண்டு மடங்கு நேரம் இழுக்கும். பட்டறைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அன்று மாலைக்குள் மெழுகும் பூசியாக வேண்டும். இத்தனை வருடம் இரும்பைக் காத்தது அந்த எண்ணெய்ச் சேறுதான். அதை எடுத்துவிட்டு ஒரு இரவு விட்டால் காலையில் பேன்ஜோ உறை முழுக்க ஆரஞ்சுத் தூள். பட்டறை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் கறுப்பு அண்டர்கோட்டிங்கைக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அது பட்ட அடிப்பாகத்துக்கு அசல்தன்மையில் மார்க் கிடையாது, திரும்ப எடுக்கவும் முடியாது. செய்யும் எதுவும் பின்னால் சுவடில்லாமல் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே இந்த வகைப் போட்டிகளின் அடிப்படை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனத்தின் போக்கும் அதுதான்.

தரைத்தகட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் நிறமற்ற மெழுகு, மெல்லிய ஒரே கை, பளபளப்பு தெரியாமல். குத்திய எண்கள், பித்தளைத் தகடுகள், டைனமோ உடம்பு ஆகியவற்றுக்கு ரெனைசான்ஸ் வேக்ஸ். பிரிட்டிஷ் மியூசியம் தன் சேகரிப்புக்காக உருவாக்கிய மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு அது. சிறு டப்பா ஒன்று பல கார்களுக்கு வரும், விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். பருத்தித் துணியில் அரைப்பயறு அளவு எடுத்து, பூசி, உடனே மென்மையாகத் தேய்த்துவிட வேண்டும். தடிப்பாக வைத்தால் வெள்ளையாகக் காயும், பள்ளத்து எழுத்தில் மாட்டிக்கொள்ளும். அதில் ஒயிட் ஸ்பிரிட் இருப்பதால் கிரேயான் குறிகளின்மேல் பூசக் கூடாது. டபிள்யூடி-40 திருகை இளக்க நல்லது, பாதுகாப்புக்கு ஆகாது; படலம் நீடிக்காது, லேபிள் மையையும் கலைக்கும். லானோலின் ஸ்பிரே நீண்ட நாள் நிற்கும், ஆனால் பழைய ரப்பர் புஷ்களை ஊத வைக்கலாம், அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே அடிக்கக் கூடாது

கண்ணாடி அருகே வேண்டாம், திடீர்க் குளிரில் வெடிக்கும். மீட்டர் முகப்பு, லெதர் சீட், வினைல் கூரை, ரப்பர் கிரோமெட் எல்லாவற்றுக்கும் ஈரத்துணிதான். ஆம்ஸ்ட்ராங் லீவர் ஆர்ம் ஷாக்கின் தண்டு சீல், கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) இவற்றை நேராகத் தாக்கினால் மண்துகள் உள்ளே தள்ளப்படும். வேலை முடிந்ததும் கிங்பின்னுக்கு ஒரு பக்கம் மூன்று கிரீஸ் நிப்பிள், மறுபக்கம் மூன்று, அத்தனைக்கும் புது கிரீஸ் வழிந்து வரும்வரை அடிக்க வேண்டும். ஸ்போக் ரிம்மில் டிரை ஐஸ் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் 60 ஸ்போக்கையும் சுற்றிச் சுற்றி அடிக்க ஆகும் நேரத்துக்கும் காசுக்கும் பழைய பல்துலக்கி போதும்.

கழற்றியதைத் திரும்ப மாட்டும்போது இன்னொரு பொறி. எம்ஜிபியில் பெரும்பாலும் யூஎன்எஃப் மரை, அதாவது அங்குலக் கணக்கில் வெட்டிய நெருக்கமான மரை. 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர், கடையில் கைக்குக் கிடைக்கும் எம்8 போல்ட் 8.00. ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும், முதல் இரண்டு சுற்று ஏறவும் ஏறும். ஆனால் யூஎன்எஃப்பில் அங்குலத்துக்கு 24 மரை, அதாவது ஒரு மரைக்கு 1.06 மில்லிமீட்டர், எம்8-இல் 1.25. மூன்றாவது சுற்றில் ஸ்பானரால் அமுக்கினால் அசல் மரை அழிந்தது. மார்க்கும் போகும், ஏனென்றால் நடுவர் முதலில் பார்ப்பதே போல்ட் தலை: பழைய போல்ட் தயாரிப்பாளர் ஜிகேஎன்னின் எழுத்துக்குப் பக்கத்தில் 8.8 என்று மெட்ரிக் போல்டின் குறி குத்திய தலை ஒன்று இருந்தால் எட்டடியிலிருந்தே தெரியும். துருப்பிடித்த அசல் போல்டைச் சிட்ரிக் அமிலத்தில் ஊறப்போடும் பழக்கம் ஒன்று உண்டு. துரு போகும், கூடவே மிச்சமிருக்கும் துத்தநாகப் பூச்சும் போகும். எண்ணெயில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தொட்டுத் துடைத்து, அப்படியே மாட்டுங்கள்.

பில்லும் நேரமும்

கட்டணம் கேட்கும்போது “காருக்கு இவ்வளவு” என்று மொத்தமாகச் சொல்லும் பட்டறையைவிட, மணிக்கணக்கும் டிரை ஐஸ் கிலோ கணக்கும் தனித்தனியே போடும் பட்டறை மேல். மொத்தத் தொகை என்றால் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த காரை ஏற்றத்தான் அவர்களுக்குத் தோன்றும். இங்கேயோ நிறுத்தி நிறுத்திச் செய்வதுதான் வேலை. இந்தப் பட்டறை மணிக்கணக்குதான். இயந்திரம் மணிக்கு 40 கிலோ என்று வைத்தால், துப்பாக்கி ஓடும் ஐந்து மணி நேரத்துக்கு 200 கிலோ. உலர்த்தும் நேரத்துக்குத் துப்பாக்கிக் கட்டணம் வாங்காமல் இட வாடகை மட்டும் வாங்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. கிரேயான் எழுத்தோ பெயிண்ட் பொட்டோ தெரிந்ததும் துப்பாக்கியை நிறுத்திக் கூப்பிட வேண்டும் என்று சொன்னபோது, இங்கே இருந்த பையன் உண்மையிலேயே நிறுத்தினான். ஸ்டீயரிங் ரேக்கின் மேல் மஞ்சள் கோடு ஒன்று அப்படித்தான் தப்பியது. இந்தப் பொறுமையைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

வேலை முடிந்து காரை ஒப்படைக்கும்போது யாரோ ஒருவர் டயருக்கும் ரப்பருக்கும் சிலிக்கான் பளபளப்பு பூசப் பார்ப்பார். கையைப் பிடித்துத் தடுங்கள்.

போட்டிக்கு ஆறு வாரமாவது இருக்கும்போது இந்த வேலையை முடித்துவிட வேண்டும். சேறு போனதும் ஒழுக்குகள் வெளிப்படும். இந்தக் காரின் பி-சீரிஸ் எஞ்சினில் டாப்பெட் பக்க மூடிகளில் கார்க் கேஸ்கெட். சேறு அடைத்திருந்தவரை எதுவும் தெரியாது, சுத்தமான பிளாக்கில் இரண்டாம் நாளே எண்ணெய்க் கோடு இறங்கும். கேஸ்கெட் மாற்றுவது பராமரிப்பு, அதற்கு மார்க் குறையாது. ஆனால் மூடியின் நடு போல்டை அவசரத்தில் இறுக்கினால் மெல்லிய தகடு குழிந்து முன்னைவிட அதிகம் ஒழுகும், அதனால் அதைச் செய்யவும், ஓட்டிப் பார்க்கவும், மறுபடி துடைக்கவும் நாள் வேண்டும்.

அடிப்பாகத்துக்கு 10க்கு 9. பானட்டுக்குள் 6. டீஹியூமிடிஃபையர் வாங்கி வைத்தால் இந்தப் பட்டறைக்கு மொத்தத்தில் 8 கொடுக்கலாம், இப்போதைக்கு 7.